தலைவர் வேடத்தில் தலைவர்

1

இந்தக் கதை பரோட்டாக் கடையில் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் பார்சலுக்காக நின்றிருந்தேன். சுவரில் டிவி, சத்தமில்லாமல். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவரை பிளாஸ்டிக் நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு வெள்ளத்தைக் கடக்கிறார்கள்.

"ஐயோ, எந்த ஏரி உடைஞ்சுது?" என்றேன்.

"நியூஸ் இல்ல சார், காமெடி" என்றார் பரோட்டா போடுகிறவர். கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆனா ஆளு ஒரிஜினல்" என்றார்.

2

தாம்பரத்தில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் மெட்டில்டா

(வேண்டாம். மழையில் தொடங்கினால் உங்களுக்கு பஜ்ஜி ஞாபகம் வரும். மெட்டில்டாவுக்கு வருவது, சமையலறையில் மிதந்த கேஸ் சிலிண்டர்.)

மெட்டில்டா, என் மனைவி சாவித்ரியோடு வேலை பார்க்கும் அறிவியல் டீச்சர். வீடு இரும்புலியூர். போன மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வெள்ளத்தில் பொருள் இழந்தவர்களுக்கு நிதி திரட்ட உள்ளூர் சேனல் ஒன்று நேரலை நிகழ்ச்சி நடத்தியது. இடையிடையே சின்னச் சின்ன நாடகங்கள். அதில் ஒன்றை மெட்டில்டா எழுதினார். வெள்ளத்தில் நிற்கும் பெண்ணாக நடிக்கவும் ஒப்புக்கொண்டார். கால் நனையாமல் வெள்ளம் பார்க்க வரும் தலைவர்* கேட்பார்:

"தண்ணி வசதியெல்லாம் எப்படிம்மா?"

"வீடு தேடியே வருது சார்."

கடைசியில் 'வாய்க்கால் எப்ப சார் வெட்டுவீங்க?' என்று ஒரு வரி. அதைத் தயாரிப்பாளர் சத்யபிரியா அடித்துவிட்டார். "நீங்க கிண்டல் பண்ற தலைவர்தான் மேடம் சிறப்பு விருந்தினரே."

* பெயர் வைத்துப் பார்த்தேன். எந்தப் பெயருக்கும் எங்காவது ஒரு கட்-அவுட் இருக்கிறது.

3

தலைவராக நடிக்க இருந்தவர் ஜீவரத்தினம். மறைமலை நகரில் ஷிப்ட் வேலை. மீசையெல்லாம் ஒட்டியாகிவிட்டது. அப்போதுதான் முன்வரிசையிலிருந்து நிஜத் தலைவர் எழுந்து வந்தார்.

"என் வேஷத்த நானே போட்டா என்ன?"

சத்யபிரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஜீவரத்தினத்தை நாற்காலி தூக்க அனுப்பினார்கள். "இன்னா டீச்சர், என் ரோலு பூட்ச்சே!" என்று மீசையைப் பிய்த்தார்.

(இங்கே தலைவரை மோசமான நடிகராக எழுதப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. மனிதர் பிரமாதப்படுத்திவிட்டார்.)

நீலத் துணி வெள்ளத்தின்மேல் நாற்காலி ஆடி ஆடி வந்தது. அரங்கம் குலுங்கியது. எல்லோரும் சிரிப்பது மெட்டில்டாவின் வீட்டுக்குள் வந்த தண்ணீரைப் பார்த்து. அடிக்கப்பட்ட வரியைச் சொல்லியே விட்டார்.

"வாய்க்கால் எப்ப சார் வெட்டுவீங்க?"

தலைவர் நாற்காலியிலிருந்து குதித்தார். நீலத் துணியில் நின்று, சிரித்தபடி கும்பிட்டார். "இப்படிக் கேக்க ஒரு தங்கச்சி இல்லாமத்தான் நான் கெட்டுப்போனேன்!"

விசில் பறந்தது. நன்கொடை ஃபோன்கள் எல்லாம் ஒன்றாக அலறின.

"கோபம்கூட வரல சார்" என்றார் மெட்டில்டா, பிறகு என்னிடம். "எல்லாரும் தட்டினாங்க. பார்த்தா, என் கையும் தட்டிக்கிட்டிருக்கு."

4

அந்த வீடியோ 'எளிமைத் தலைவர்' என்று ஊரெல்லாம் சுற்றியது. பல வீடுகளுக்கு அடுப்பும் மெத்தையும் கிடைத்தன. அதை மறைக்க மாட்டேன். வாய்க்கால் வெட்டவில்லை.

நேற்று தலைவரின் உதவியாளர் கூப்பிட்டார். பிறந்தநாள் விழாவுக்கு இன்னொரு நாடகம் வேண்டுமாம். "இன்னும் காரமா திட்டுங்க டீச்சர். அண்ணனுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. பதில அண்ணன்கிட்டயே சொல்லிடுங்க, அவரே பேசுவாரு."

மெட்டில்டா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். "நீங்கதானே கதை எழுதறீங்க. நான் என்ன சொல்லட்டும்?"

5

எழுதிப் பார்த்தேன். மெட்டில்டா முடியாது என்கிறார். "தங்கச்சிக்கு என்மேல கோபம்" என்று தலைவர் மேடையில் சிரிக்க, ஒரே கைதட்டல். அடித்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு நாடகம் எழுதிக் கொடுக்கிறார். தலைவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அதையும் அடித்தேன். தலைவர் மனம் திருந்தி, மண்வெட்டியோடு

(இதற்கு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

மெட்டில்டா எல்லாவற்றையும் படித்தார். "எதுலயுமே அந்த மனுஷனுக்கு ஒண்ணும் ஆகலையே சார்?"

மெட்டில்டாவின் ஃபோன் அடிக்கிறது. தலைவர்தான். மெட்டில்டா என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். தலைவர் சிரிக்க முடியாத பதில் ஏதாவது உங்களிடம் இருந்தால், சீக்கிரம் சொல்லுங்கள்.