காமிலின் தாங்கி

ஸுஹறாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் தேத்தண்ணி கொதித்து வற்றியதைக்கூடப் பார்க்காமல் செல்வநாயகத்தின் பின்னால் அலைந்தாள். அந்த மனுசனோ தோளில் இரும்பைத் தேடும் கருவியைச் சுமந்து, பெல்ட்டுக்குப் பதிலாக இடுப்பில் கயிறு கட்டி, காணியைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். உடம்பில் துளி இரும்பு இருந்தாலும் கருவி பொய் சொல்லுமாம்.

சண்டை நிறுத்தி வைத்திருந்த காலம் அது. சிலாவத்துறையிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்து முகாமில் பன்னிரண்டு வருசம் கிடந்தவர்கள் திரும்பி வந்தால், இருந்த இடத்தில் ஊரைக் காணோம். வீடு, மதில், ரோட்டு எல்லாம் தரைமட்டம். மேலே உடைமரப் பற்றை. கடல் பக்கம் முழுக்க ஆமிக் காம்ப். மிஞ்சியது ஒரு கிணறு, அதிலும் மண்ணெண்ணெய் நாற்றம். ஸுஹறாவின் வாப்பா காமில் மண்ணெண்ணெய் விற்றவர். எண்ணெய் நிரப்பிவைக்க அவர் கடையடியில் புதைத்த இரும்புத் தாங்கிதான் எங்கேயோ துருப்பிடித்து உக்கி ஒழுகுகிறது என்று, அதைக் கண்டுபிடிக்க ஒரு தொண்டு நிறுவனம் செல்வநாயகத்தை அனுப்பியிருந்தது.

தண்ணீர் கிடக்கட்டும். ஸுஹறாவின் நெஞ்சை அரித்தது வேறு. வாப்பா அவளுக்குச் சீதனமாகத் தந்த வீட்டின் நிலத்தில், அவள் கொட்டிலுக்கு அருகே பக்கத்து வீட்டுப் பக்கீரும் கொட்டில் போட்டுவிட்டார் என்பது அவள் கட்சி. அது தன் வளவு என்பது அவர் கட்சி. ஒரு காலத்தில் மதிலுக்கு மேலால் நோன்புக் கஞ்சி கைமாறிய வீடுகள்! ஒருநாள் பலர் முன்னால் அவள் அவரைக் கள்ளன் என்றே சொல்லிவிட்டாள். அதோடு பேச்சு முறிந்தது.

வழக்கு பள்ளிவாசலுக்குப் போனது. இருவருடைய காணி உறுதிப் பத்திரங்களும் சண்டையில் எரிந்துவிட்டன. பள்ளிப் பெரியவர்கள் யோசித்துச் சொன்னார்கள்: "தாங்கி அசைஞ்சிருக்காது. அதிலயிருந்து கடல் பக்கமா ஸுஹறாட வீடு. அதுக்கும் அங்கால பக்கீர்ட வீடு. தாங்கி ஆம்பிட்டா வழக்கு முடிஞ்சுது." இருவரும் தலையாட்டினார்கள்.

கருவி கத்திய இடமெல்லாம் தோண்டினார்கள். ஷெல் துண்டுகள் வந்தன, ஒரு சைக்கிள் சக்கரம் வந்தது. ஸுஹறாவின் கொட்டிலைச் சுற்றித் தாங்கி இல்லை. பக்கீரின் கொட்டிலடியிலும் இல்லை.

"காம்ப் வேலியோரம் மட்டும்தான் மிச்சம்," என்றார் செல்வநாயகம். "முள்ளுக்கம்பிக்குக் கிட்ட இந்தக் கருவி சும்மா கத்தும். மற்றதைக் கொண்டு வாறன்."

மற்றது பிள்ளை வண்டி போலத் தள்ளுகிற ஒன்று. மண்ணுக்குள் அலையை அனுப்பி, திரும்பி வருவதைத் திரையில் காட்டும். காவலரண் சிப்பாய் துவக்கோடு எட்டிப் பார்க்க, அவர் வேலியோரம் மெல்லத் தள்ளிக்கொண்டே போனார். திரையில் ஒரு வளைவு விழுந்தது.

"உருண்டையா, பெருசா ஒண்டு கிடக்கு. மெல்லமாத் தோண்டுங்கோ."

எண்ணெய் ஊற்றும் குழாயின் வாய் தெரிந்தது. அதில் பச்சைப் பெயின்ட். கடைக் கதவுக்குப் பூசி மிஞ்சியதை வாப்பா தன் கையால் பூசியது.

"எங்கட தாங்கிதான்! எங்கட வாப்பாட தாங்கிதான்!" ஸுஹறா சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்தாள். அந்த வேகத்திலேயே கடலைப் பார்த்து, தன் குசினி இருந்த இடத்தை நோக்கி நடந்தாள். முதலாவது எட்டிலேயே முள்ளுக்கம்பி கையைக் கிழித்தது.

குசினி வேலிக்கு உள்ளே. வீடும் உள்ளே. அவள் புதுப்பெண்ணாக ஏறிய வாசல் இருந்த இடத்தில் சிப்பாய்களின் உடுப்புகள் கொடியில் காய்ந்தன. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிட வெட்கம்தான் அதிகமாகச் சுட்டது.

பக்கீர் வந்து பக்கத்தில் நின்றார்.

"அப்ப என்ட வளவு இன்னும் உள்ளுக்க, தங்கச்சி."

"காக்கா, நான் உங்களக் கள்ளனெண்டு..."

"அத விடு." அவர் திரும்பி இரண்டு கொட்டில்களையும் பார்த்தார். "தாங்கி இங்கயெண்டா கடைக்கு முன்னால இருந்த ரோட்டு அதில போயிருக்கு. ரோட்டுக்கு அங்கால ஆர்ட வளவு? நாம ரெண்டு பேரும் ஆர்ட காணியிலம்மா குந்தியிருக்கிறம்?"

ஸுஹறாவுக்கு உடனே தெரிந்தது.

"தையல்கார லாத்தாட வளவு," என்றாள். "இன்னும் புத்தளத்தில இருக்கிறா. நோன்பு முடிய தன்ட காணிக்கு வாறனெண்டு சொல்லியனுப்பியிருக்கிறா."