பிஸ்தாப் பிறைக்கு ஒரு சாட்சி

கல்முனையில் புதிதாகத் திறந்திருக்கும் பேஸ்ட்ரிக் கடையின் விலைப்பலகையை முதலில் பார்த்தபோது, அது கடையின் தொலைபேசி எண் என்றே நினைத்தேன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் காலமெல்லாம் வாய்க்கால் கதவு திறந்து மூடியவன் நான். பென்சன் பணத்தின் கதவையும் ஒருநாள் திறந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. ஒரு குரோசான் வாங்கினேன். பிறை வடிவம், பொன் நிறம், உள்ளே பிஸ்தா கிரீம்.

வீட்டுக்கு வந்து மனைவி சுல்பிகாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். நான் கடித்த சத்தத்தில், டயர் வெடித்ததாக்கும் என்று பஸ் டிப்போவில் நின்ற ட்ரைவர்மார் குனிந்து பார்த்தார்கள். பறந்த மேலோட்டுப் பொருக்கு மருதமுனைவரை போய், தறியில் கிடந்த சாறன் துணியில் ஒட்டியது. வழிந்த கிரீமைப் பாய்ச்சி ஒரு போகம் வேளாண்மையே செய்திருக்கலாம்.

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "நீங்க பிறை கண்டாலும் பள்ளியில ஒத்துக்க மாட்டாங்க," என்றாள்.

அவள் சும்மா சொல்லவில்லை. ஒரு றமழான் முடிவில் ஒலுவில் கடற்கரையில் நான் தன்னந்தனியாகத் தலைப்பிறையைக் கண்டு, பள்ளிவாசலுக்கு மூச்சிரைக்க ஓடினேன். நிருவாகத்தார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு யார் கண்டது என்று கேட்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து சாட்சி வந்த பிறகுதான் பெருநாள் தக்பீர் முழங்கியது.

இந்தப் பிறையையாவது அவள் நம்பவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அவள் ஒரு நிபந்தனை போட்டாள். வெள்ளிக்கிழமை அவளுடைய தம்பி றஸாக்கின் மகளுக்குக் கல்யாணம். நான் சொன்னதில் பாதியாவது உண்மையில்லை என்றால், கல்யாண வீட்டில் சோறு தின்ன மட்டுமே நான் வாய் திறக்கலாம். ஊரே கூடும் இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பதைவிட, கல்முனை ஆஸ்பத்திரியில் கட்டில் பிடித்துப் படுத்துவிடலாம்.

மறுநாள் றஸாக்கையும் ஏற்றிக்கொண்டு திரீவீலரில் போனோம். வழியில் மழை பிடித்தது. ஈரக்காற்றில் சாமான் நமத்துப்போனால் என் கதை முடிந்தது. கடைக்குள் ஏசி போட்ட போட்டில் மலைக்குளிரில் வளர்ந்த நுவரெலியாக்காரனுக்கும் சளித் தடிமன் பிடிக்கும். விலைப்பலகையைப் படித்த றஸாக், மூன்று பேருக்கும் ஒன்று போதும் என்றான்.

ஒரு குரோசான், மூன்று முள்ளுக்கரண்டி. சுல்பிகா கரண்டிகளை ஒதுக்கிவிட்டு எழுந்துபோய்க் கைகழுவி வந்தாள். கல்யாண வீட்டில் பலபேர் சுற்றியிருந்து தின்னும் சஹன் தட்டில் இறைச்சியைப் பங்குவைப்பது போல, பிஸ்மி சொல்லி இரண்டு கையாலும் பிடித்து உடைத்தாள்.

சத்தம் வந்தது. ஆனால் ஒரு பப்படம் நொறுங்கிய அளவுதான். பொருக்கு மேசை விளிம்பைக்கூடத் தாண்டவில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். நாங்களும் தின்றோம். நடுவில் கிரீம் நிறைந்த ஒரு துண்டு மிஞ்சியது. சஹனில் கடைசி வாயை யாரும் எடுக்கமாட்டார்கள்; ஒருவர் மற்றவர் பக்கம் தள்ளுவதுதான் மரியாதை. நான் றஸாக் பக்கம் தள்ளினேன். அவன் தன் ராத்தாவான சுல்பிகா பக்கம் தள்ளினான். ராத்தா யார் பக்கமும் தள்ளவில்லை. தின்றுவிட்டு, தட்டில் கிடந்த பொருக்கையும் விரல் நுனியால் ஒற்றியெடுத்தாள்.

"எப்பிடி ராத்தா?" என்றான் றஸாக்.

"குத்தமில்ல."

அவ்வளவுதான். நான் திரும்பும் வழியிலேயே வாயை மூடிப் பழகத் தொடங்கினேன். என்னைப் பார்த்து, வாப்பாவுக்குச் சுகமில்லையா என்று திரீவீலர்க்காரன்கூடக் கேட்டான்.

வாசலில் அடுத்த வீட்டு லைலா நின்று, எங்கே போய் வருகிறீர்கள் என்று விசாரித்தாள்.

"அத ஏன் கேக்கிறாய் புள்ள," என்றாள் சுல்பிகா. "நான் ஒடச்சன் பாரு, அந்தச் சத்தத்துல றஸாக் கதிரையோட மல்லாக்க விழப் பாத்தான். பொருக்கெல்லாம் அந்தரத்துல நிண்டிச்சி."

றஸாக் மழையில் நனைந்த தன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

லைலாவுக்கு வாய் பிளந்துவிட்டது. "நீங்க சொன்னா சரியாத்தான் ராத்தா இரிக்கும்," என்றாள்.

சுல்பிகா என் பக்கம் திரும்பினாள்.

"என்ன, சும்மா நிக்கிறீங்க? மருதமுனைக்குப் பறந்தத சொல்லுங்களன்."

சொன்னேன். சாட்சி பக்கத்திலேயே நின்றதால், இந்தத் தடவை மருதமுனையையும் தாண்டிப் பெரியகல்லாறு வரைக்கும் பறக்கவிட்டேன்.