பாப்பரசருக்குள் ஓர் அரசர்

முனைவர் பட்டத்துக்காக ஆறு வருடம் ஒரே மனிதரோடு மாரடித்தேன். நானூறு வருடங்களுக்கு முன் பிரான்சில் வாழ்ந்த சட்ட அறிஞர் அவர். பாப்பரசருக்கு ஆன்மாக்கள் மீதுதான் அதிகாரம், அரசர்களைப் பதவி இறக்க உரிமையில்லை என்று எழுதினார். ரோமாபுரி அவர் நூலைத் தடைசெய்தது. ஆனாலும் சாகும்வரை பூசை தவறாத கத்தோலிக்கர்.

பட்டம் கிடைத்தது, பல்கலைக்கழக வேலைதான் கிடைக்கவில்லை. கடைசியில் கனடாவில், எங்கள் ஒஷாவா நகரில் ஒரு கத்தோலிக்கப் பாடசாலை வரலாறு படிப்பிக்க எடுக்கச் சம்மதித்தது. பங்குத்தந்தையின் நற்சான்று மட்டும் வேண்டுமாம்.

அந்த நேரம் பார்த்து எங்கள் கோவில் மலர்க்குழுத் தலைவர் எட்வேட் அங்கிள் திருவிழா மலருக்குக் கட்டுரை கேட்டார். என் ஆளைப் பற்றியே எழுதினேன். 'பாப்பரசர் அரசர் அல்லர்' என்று தமிழில் எழுதினால் பைத்தியக்காரப் பேச்சாக இருக்கும். சொல்லிலேயே முடிசூட்டி வைத்திருக்கிறோமே! ஆகவே 'பாப்பு அரசர் அல்லர்' என்று தலைப்பிட்டேன். பாப்பரசருக்குப் பழைய கத்தோலிக்கத் தமிழில் உள்ள சொல்தான்.

அங்கிள் என்னைக் கேட்காமலே எல்லாப் பாப்புவையும் பாப்பரசராக்கி அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

"பாப்பு எண்டால் மரியாதை இல்லைப் பிள்ளை. உமக்கு நல்லதுதானே செய்தனான்."

நல்லது! ஒரு கிழமைக்குள் நான் பாப்பரசரை ஏற்காத அல்லேலூயாச் சபைக்குப் போய்விட்டதாகப் பக்கத்து ஊர் விட்பி வரைக்கும் வாட்ஸ்அப்பில் கதை. தலைப்பைத் திருத்தியது தான்தான் என்று அங்கிள் வாயே திறக்கவில்லை.

பங்குத்தந்தை கூப்பிட்டார். "கட்டுரை பிழையெண்டு நான் சொல்லேல்லை. சனம் குழம்பிப்போச்சு. பிழையா எழுதிப்போட்டன் எண்டு ஒரு வரி தாங்கோ, நற்சான்று தாறன்."

"நான் பிழையா எழுதேல்லையே, ஃபாதர்."

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வரிதானே நிரோஷினி, எழுதிக் குடுவன். செத்துப்போன வெள்ளைக்காரனுக்காக உன்ரை வேலையை விடப்போறியோ?"

எழுதவில்லை. வேலை போனது. பூசையை மட்டும் நான் விடவில்லை. அது என்னுடைய கோவில்.

அடுத்த ஞாயிறு மன்றாட்டு வாசிக்க எட்வேட் அங்கிள் எழும்பினார். "திருச்சபையை விட்டு வழிதவறிப்போன எமது சகோதரிக்காக மன்றாடுவோம்."

பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை, முன்னால் இருந்த தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. மூன்றாம் வாங்கில், கையில் செபமாலையோடு இருந்தேன்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது சனம். அத்தனை குரலுக்கும் மேலாக, எனக்குப் பக்கத்தில், அம்மாவின் குரல் கேட்டது.