வரம்பில்லா நுழைவு

வாருங்கள், வந்து பாருங்கள். ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக் கரையில், ஹெரன் கோவ் கேளிக்கைப் பூங்காவின் வாயிலில் ஒரு குற்றவாளி பிடிபட்டிருக்கிறாள். அவள் பூட்டை உடைக்கவில்லை. மதிலைத் தாண்டவில்லை. எவருடைய பையிலும் கை வைக்கவில்லை. விலை கொடுத்து வாங்கிய பொருளை விற்றவன் சொன்ன அளவுக்குப் பயன்படுத்தினாள். ஒரு துளியும் மிச்சம் வைக்காமல் பயன்படுத்தினாள். அதுதான் குற்றம். ஆண்டு பாஸின் நெற்றியில் 'வரம்பில்லா நுழைவு' என்று பொன்னெழுத்தில் பொறித்தவர்களே, அதை நம்பி வந்தவளை வழிமறித்து நிறுத்தியிருக்கிறார்கள்.

அவள் பெயர் லோர்னா ஹவ்ரிலா. வயது ஐம்பத்தெட்டு. ஊர்ப் பள்ளியின் ஏழாம் எண் பேருந்தை இருபத்தோராண்டாக ஓட்டுகிறவள். கோடை வந்தால் பள்ளிக்கு விடுமுறை, பிள்ளைகளுக்கு விடுமுறை, ஓட்டுநரின் சம்பளத்துக்கும் விடுமுறை. வசதியுள்ளவர்கள் கடற்கரைக்குப் பறக்கும் அந்த மாதங்களில் லோர்னாவுக்குக் கடற்கரையும் மலைவாசமும் அயல்நாடும் இந்த ஒரு பூங்காதான்.

அதை அவள் அனுபவித்த விதம் இருக்கிறதே, அது ஒரு கல்வி. புது ஆண்டு பாஸைச் சென்ற செப்டம்பரிலேயே வாங்கிவிட்டாள். அப்போது வாங்கினால் அந்த இலையுதிர் கால வார இறுதிகளும் சேர்ந்து வரும் என்பது விளம்பரத்தின் அடியில் பொடியெழுத்தில் இருந்தது. பொடியெழுத்தைப் படிக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசமாகத் தரும் கடைகள் எவை, மூன்று மணி வெயிலில் குளிர்ந்த காற்றுள்ள நாடக அரங்கு எது, தூறல் விழுந்ததும் எந்த வரிசை கலையும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். "போன வருஷம் ஒரே ஒரு தடவதான் போக முடிஞ்சுது" என்று எவராவது பெருமூச்சு விட்டால், "அப்ப உங்க காசுலதான் நான் சுத்தறேன், ரொம்ப நன்றி" என்பாள்.

ஆனால் அவள் உயிரை வைத்திருந்தது ஒன்றின் மேல்தான். அது பூங்காவின் மரச்சட்ட ரோலர் கோஸ்டர். விளம்பரப் பலகையில் அதற்கு ஏதோ ஒரு பெயர். வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் கிழட்டுக் காளை. அதை இயக்குகிறவர்களின் சிறு அறையில் கயிற்றில் கட்டிய ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கும். ஒரே பருவத்தில் ஆயிரம் சுற்றுச் சுற்ற முயல்கிறவரின் கணக்கை அவர்கள் தங்கள் கையாலேயே அதில் கோடிட்டு வருவார்கள். ஆயிரத்தை எட்டியவருக்குப் பரிசு பணமில்லை, பதக்கமில்லை. முன்னிருக்கை உண்டு, வண்டியை அனுப்பும்முன் அறிவிப்புச் சொல்லும் ஒலிவாங்கி ஒருமுறை அவர் கைக்கு வரும். முப்பதாண்டில் அந்த ஒலிவாங்கியைப் பிடித்தவர்கள் நால்வர். நால்வரும் ஆண்கள்.

லோர்னா தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறில் நின்றாள். அன்று செப்டம்பரின் முதல் திங்கள், அமெரிக்காவில் தொழிலாளர் தினம். கோடைப் பருவத்தின் கடைசி நாள். ஆறு மணிக்குக் காளை படுத்துவிடும். விடுமுறைக் கூட்டத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். இரண்டு மணிக்குள் வரிசையில் சேர்ந்தால் நான்கு சுற்று, தவறினால் மூன்று. மூன்று என்றால் அடுத்த ஆண்டு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்கு வாயில் இயந்திரம் அவளுடைய அட்டையைப் பார்த்துச் சிவப்பு விளக்கைக் காட்டியது.

விருந்தினர் சேவைச் சாளரத்தில் மேற்பார்வையாளர் டிரென்ட் மோஸ்லி இருந்தான். இருபத்தாறு வயது, சட்டையில் பெயர்ப்பட்டை, பேச்சில் பயிற்சி வகுப்பின் பணிவு.

"மேடம், உங்க பாஸ் லாக் ஆயிருக்கு."

"அது தெரியுது. ஏன்னு சொல்லு."

"இந்த சீசன்ல நூத்தி எண்பத்திரண்டு தடவ உள்ள வந்திருக்கு. சீசன்ல அத்தன நாளே இல்ல. ஒரே கார்ட நாலஞ்சு பேரு மாத்தி மாத்தி யூஸ் பண்றாங்கன்னு சிஸ்டம் முடிவு பண்ணியிருக்கு."

லோர்னாவின் பக்கத்தில் நின்றவள் ஜெரால்டின் புரூயிட். பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்ப்பவள். கோடையில் சம்பளமில்லாதவர்களின் சங்கத்தில் அவளும் உறுப்பினர். வாயைச் சும்மா வைத்துக்கொள்ளும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"நாலஞ்சு பேரா? இவகிட்டேருந்து ஒரு மிட்டாய் வாங்கறதுக்கே மனு போடணும். கார்ட குடுப்பாளாமா. எவன் சொன்னது தம்பி, அந்த சிஸ்டம் இவள நேர்ல பாத்திருக்கா?"

"நீ சும்மா இருடி" என்றாள் லோர்னா. பிறகு சாளரத்தின் பக்கம் திரும்பினாள். "தொண்ணூத்திரண்டு நாள் வந்திருக்கேன். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ உள்ள வருவேன். காலைல ஒண்ணு. சாப்பிட்டுட்டு ஒண்ணு."

"சாப்பாட்டுக்கு ஏன் மேடம் வெளிய போறீங்க? உள்ளயே இருபது கடை இருக்கே."

"வீட்டுச் சாப்பாட உள்ள கொண்டு வரக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கீங்களே, அதனாலதான். என் சாப்பாடு பார்க்கிங்ல இருக்கு, ஐஸ் பெட்டிக்குள்ள. பதினாலாவது வரிசை. வேணும்னா வந்து பாரு. இன்னைக்கு முட்டைக்கோஸ் போட்ட நூடுல்ஸு."

"ஊறுகா வெள்ளரிக்காவும் இருக்கு. அது என்னோடது" என்றாள் ஜெரால்டின்.

சிந்தியுங்கள். வெளியுணவு கூடாது என்பது பூங்காவின் சட்டம். அந்தச் சட்டத்துக்குப் பணிந்துதான் அவள் வெளியே போனாள். முன்பெல்லாம் வாயிலில் ஒரு மனிதர் நிற்பார். வெளியே போகிறவரின் கையில் முத்திரை குத்துவார். திரும்பி வந்தால் முகம் பார்த்துச் சிரிப்பார். இந்த ஆண்டு அந்த மனிதரை அகற்றிவிட்டு இயந்திரத்தை நிறுத்தினார்கள். முத்திரை வேண்டாம், அட்டையை மறுபடி காட்டினால் போதும் என்றார்கள். காட்டினாள். சட்டத்தை மதித்ததற்கு இரட்டை நுழைவு. இரட்டை நுழைவுக்குத் திருட்டுப் பட்டம்.

மணி ஒன்று இருபது.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம்" என்றான் டிரென்ட். "ஆனா நிரூபிக்க ஒண்ணும் இல்லையே மேடம்."

"உன் சிஸ்டத்துல நேரம் இருக்கா?"

"இருக்கு."

"ரெண்டாவது தடவ உள்ள வந்த நேரத்த மட்டும் பாரு. ஜூன்லேருந்து படி."

அவன் திரையைப் பார்த்தான். "பன்னிரண்டு ஐம்பது. பன்னிரண்டு ஐம்பது. பன்னிரண்டு நாப்பத்தொம்பது. பன்னிரண்டு ஐம்பது." விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனான். குரல் தணிந்தது. "எல்லாமே..."

"ஜூலை பதினொண்ணு மட்டும் ரெண்டாவது நுழைவு இருக்காது. அன்னைக்கு மின்னல். யாரையும் வெளிய விடல. பட்டினியா கெடந்தேன். பாரு."

பார்த்தான். இல்லை.

"நாலஞ்சு திருடங்க கார்ட மாத்திக்கிட்டா இப்படி மணியடிச்ச மாதிரி வருவாங்களா? தம்பி, நீ ஆர்ச்சர்ட் ரோடு முனை வீட்டுப் பையன்தானே?"

டிரென்ட் நிமிர்ந்தான். பெயரையும் எண்ணையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன் அப்போதுதான் முகத்தைப் பார்த்தான். காது சிவந்தது.

"ஏழாம் நம்பர் பஸ்ஸா?"

"ஏழு பன்னிரண்டு."

பேருந்து தன் வீட்டு முனைக்கு வரும் அந்த நேரத்தை அவன் மறக்கக்கூடியவனல்ல. ஏழு பன்னிரண்டு என்றால் ஏழு பன்னிரண்டுதான். ஏழு பதின்மூன்றுக்கு ஓடி வந்து, ஒரு காலில் காலணியும் ஒரு கையில் ரொட்டியுமாய் மஞ்சள் பேருந்தின் முதுகைப் பார்த்து நின்ற காலைகள் அவனுக்கு உண்டு. இந்தப் பெண்மணி ஒரு நிமிடம் பிந்தமாட்டாள் என்பதற்கு இந்த உலகத்தில் அவனைவிடச் சிறந்த சாட்சி எவர்?

"மூணு தடவ என்னை விட்டுட்டுப் போனீங்க" என்றான்.

"நாலு. பின்னாடி முப்பத்தெட்டு பிள்ளைங்க நேரத்துக்கு வந்து உக்காந்திருந்துச்சு."

ஜெரால்டின் சிரித்துவிட்டாள். டிரென்டும் சிரித்தான். அச்சுப்பொறியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். "நம்பறேன் மேடம். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, உடனே திறந்து விட்டுடறேன்."

அவள் படித்தாள். பொடியெழுத்தையும் படிக்கிறவள் அல்லவா? 'பாஸ் விதிகளை மீறியதை ஒப்புக்கொள்கிறேன். இனி நாளுக்கு ஒருமுறை மட்டுமே நுழைவேன்.'

தாளைத் திருப்பி வைத்தாள். "போட மாட்டேன்."

"இது வெறும் ஃபார்மாலிட்டி. யாரும் படிக்கக்கூட மாட்டாங்க."

"நான் படிச்சுட்டேனே."

"ஏய்" என்று ஜெரால்டின் அவள் முழங்கையைப் பிடித்தாள். "மணி ஒண்ணு முப்பத்தஞ்சு. ஒரு கிறுக்கல், அவ்வளவுதான். போட்டுட்டு ஓடு. ஆயிரம் வேணுமா, வீம்பு வேணுமா?"

லோர்னாவின் கண் மதிலுக்கு மேலே போயிற்று. காளையின் முதல் ஏற்றத்தில் ஒரு வண்டி கடகடவென்று ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஓசையில் எந்தப் பலகை முனகும், எந்தச் சங்கிலிக் கண்ணி தடுக்கும் என்பது அவளுக்குத் தெரியும். கையெழுத்திட்டால் நான்கு சுற்றும் அவளுடையவை. இடாவிட்டால் தொண்ணூற்றிரண்டு நாளும் வீண். ஆனால் தவறு செய்யாதவள் தவறு செய்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்த முன்னிருக்கையில் ஏறினால், ஏறுவது யார்? ஆயிரம் சுற்றின் கணக்கில் ஒரு பொய்யும் அல்லவா சேர்ந்து ஏறும்?

"ரெண்டும் வேணும்" என்றாள். "கையெழுத்துப் போட்டா நான் திருடின்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. அந்த நோட்டுல என் பேருக்குக் கீழ அது வேண்டாம்."

ஜெரால்டின் அவள் முழங்கையை விட்டாள். "கழுத" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாகன நிறுத்தத்தை நோக்கி நடையும் ஓட்டமுமாய்ப் போனாள்.

திரும்பி வந்தபோது அவள் பின்னால் பதினாலாவது வரிசையே வந்தது. கோடை முழுவதும் தத்தம் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து வீட்டுச் சோற்றை உண்டவர்கள். தபால் பட்டுவாடா செய்தவர், துணிக்கடைக்காரி, மூன்று பிள்ளைகளோடு ஒரு செவிலி என்று பதினொரு பேர். ஒருவர் கையில் கடித்த கோழிக்கால் அப்படியே இருந்தது. ஜெரால்டின் தன் அட்டையை எடுத்துச் சாளரத்தின் பலகையில் டப்பென்று வைத்தாள்.

"நானும் தெனம் ரெண்டு தடவ வர்றேன். என்னையும் லாக் பண்ணு."

செவிலி வைத்தாள். துணிக்கடைக்காரி வைத்தாள். கோழிக்காலை மறுகைக்கு மாற்றிவிட்டு அவரும் வைத்தார். பன்னிரண்டு அட்டைகள். பன்னிரண்டின் நெற்றியிலும் அதே பொன்னெழுத்து.

"பாத்து முடிவு பண்ணுங்க தம்பி" என்றார் தபால்காரர். "எங்களுக்கு அவசரமில்ல. அவங்களுக்குத்தான்."

டிரென்ட் தொலைபேசியை எடுத்து மேலிடத்தோடு பேசினான். ஆமாம் என்றான், இல்லை என்றான். கடைசியில் எவரும் கேட்காமலே நிமிர்ந்து நின்று, "சார், அவங்க பொய் சொல்லல. எனக்கு அவங்கள நேர்லயே தெரியும். தப்பு பண்ணினது நம்ம சிஸ்டம்தான்" என்றான். வைத்தான். தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டான். திரையில் 'காரணம்' என்ற கட்டத்தில் ஏதோ தட்டினான்.

"என்ன எழுதற?" என்றாள் லோர்னா.

"பூங்காவின் பிழைன்னு."

"எழுத்துப் பிழை இல்லாம எழுது" என்று சொல்லிவிட்டு அட்டையை எடுத்துக்கொண்டு நடந்தாள். மணி ஒன்று ஐம்பத்தாறு. ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஓடுவதைப் பார்க்க அழகாக இராது என்பார்கள். அன்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. ஐந்து நாற்பதுக்கு நோட்டுப் புத்தகத்தில் கடைசிக் கோட்டுக்கு மட்டும் இடமிருந்தது. காளையை இயக்கும் மாரிசோல் முன்னிருக்கையின் தடுப்புக் கம்பியைத் தன் கையாலேயே இறக்கிவிட்டாள். கம்பிவேலிக்கு வெளியே பதினாலாவது வரிசை நின்றது. சீருடையோடு டிரென்டும் நின்றான்.

"பேசுங்க லோர்னா. என்ன சொல்லணும்னு தோணுதோ, சொல்லுங்க" என்று மாரிசோல் ஒலிவாங்கியை நீட்டினாள்.

நால்வர் பிடித்த ஒலிவாங்கி. ஐந்தாவதாக ஒரு பெண்ணின் கை. இருபத்தோராண்டாகப் பேருந்துக் கண்ணாடியில் பிள்ளைகளின் முகம் பார்த்துச் சொன்ன சொற்களே அவளுக்கு வந்தன.

"எல்லாரும் உக்காருங்க. கையக் கால உள்ள வைங்க. யாருக்காகவும் நிக்க மாட்டேன். நேரமாச்சு."

வண்டி புறப்பட்டது. ஏற்றத்தின் உச்சியில் ஏரி கண்ணெட்டும் தூரம்வரை தெரிந்தது. வாகன நிறுத்தம் தெரிந்தது. அதில் பதினாலாவது வரிசையும், திறந்து கிடந்த ஒரு நீலநிற ஐஸ் பெட்டியும் தெரிந்தன. எல்லாம் என்னுடையது என்று தோன்றியது அவளுக்கு. விலை கொடுத்திருக்கிறேன், வந்திருக்கிறேன், ஒருநாளும் பிந்தவில்லை. இறங்கும்போது அவள் கைகளை உயர்த்தவில்லை. ஆயிரம் சுற்றிலும் ஒருமுறைகூட உயர்த்தியதில்லை. ஓட்டுநர் கையை விடலாமா?

வெற்றி அவளுடையது. ஆனால் வாயிலில் அடுத்த பருவத்துக்கான அறிவிப்பு ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது. மேலே பொன்னெழுத்தில் 'வரம்பில்லா நுழைவு'; கீழே பொடியெழுத்தில் 'நாளுக்கு ஒருமுறை'. வராமல் வீணடிப்பவன் நல்ல வாடிக்கையாளன், வந்து அனுபவிப்பவள் கள்ளி என்ற கணக்கு இன்னும் அழியவில்லை. அது பூங்காக்களில் மட்டுமா இருக்கிறது?

எடுங்கள் உங்கள் பையிலுள்ள அட்டையை. பொன்னெழுத்தைப் படித்தது போதும், பொடியெழுத்தைப் படியுங்கள். வாங்கியதைக் கடைசித் துளிவரை அனுபவியுங்கள். அதற்காக எவனாவது உங்களைக் குற்றவாளி என்று எழுதச் சொன்னால், எழுதாதீர்கள். பக்கத்தில் ஒருவரை அப்படி நிறுத்தி வைத்திருந்தால், உண்ணும் உணவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போங்கள். போய், உங்கள் அட்டையையும் அந்தப் பலகையில் வையுங்கள்.