ஞாயிற்றுக்கிழமைக்கு எந்த இன்ஜெக்டர்?

“இதை மட்டும் மாட்டிட்டோம்னா, ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர் ரேஸ் டிராக்குல உங்க வண்டி பறக்கும் அக்கா.”

வசீம் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். விரல் நீளத்தில் நான்கு இன்ஜெக்டர்கள். இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீச்சுகிறவை. அரியமங்கலத்தில் அவன் பட்டறை வாசலில் நின்ற சிவப்பு ஜென் காரில் இருப்பவற்றைவிடப் பெரியவை.

“பறக்கறது இருக்கட்டும். திங்கக்கிழமை இதே வண்டியிலதானே புதுசா சேர்ந்தவங்களுக்குக் கிளட்ச் சொல்லிக் குடுக்கணும்? நிதானமா நகருமா?” என்றாள் ஜெஸிமா.

“கொஞ்சம் உதறும்.”

“கொஞ்சம்னா?”

“மழையில நனைஞ்ச ஆடு மாதிரி.”

ஜெஸிமா பாலக்கரையில் பெண்களுக்கு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். இருப்பது இந்த ஒரே கார். இடப்பக்க சீட்டுக்குக் கீழேயும் அதற்கு ஒரு பிரேக், ஒரு கிளட்ச். எத்தனையோ வருஷமாக அந்த இடப்பக்கத்திலேயே உட்கார்ந்து, அடுத்தவர்கள் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், முதல்முறை ஓட்டுகிறவர்களுக்கான டிராக் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

“கடைசியா வந்தேன்னு வையி, மானம் போயிடும். தொழில் என்னன்னு கேட்ட இடத்துல டிரைவிங் டீச்சர்னு வேற எழுதித் தொலைச்சுட்டேன்.”

“அதான் சொல்றேன். சிநேகிதன் வண்டியிலேருந்து இரவல் வாங்கியாந்திருக்கேன். மாட்டி, இதுக்கேத்தாப்புல வண்டியில இருக்கற கம்ப்யூட்டரையும் மாத்தித் தரேன். நேத்து பழசுல ஓட்டினதைவிட வேகமா வந்தா வச்சுக்குங்க. இல்லையா, கழட்டிக் குடுத்துடுங்க.”

ஜெஸிமா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு பானெட்டைத் திறந்துவிட்டாள்.

அன்றைய வகுப்பு ஆனந்தவல்லிக்கு. அந்த அம்மாளுக்கு லால்குடியில் நெல் வியாபாரம், ஸ்ரீரங்கத்தில் வீடு. டிரைவர்களைக் கெஞ்ச முடியாது என்று தானே ஓட்டப் பழகுகிறார். ஜெஸிமாவைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஸ்ரீரங்கத்துக்குப் போய் ஏற்றிக்கொண்டதும், அங்கிருந்து அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். இடப்பக்கம் ஜெஸிமா. பின்சீட்டில் வசீம்.

காவேரிப் பாலத்துக்கு ஏறும் இடத்தில் நெரிசல்.

“டீச்சர், வண்டிக்கு ஜுரமா? ஸ்டியரிங்கப் புடிச்சா எனக்கும் நடுங்குது.”

“கிளட்சை மெதுவா விடுங்கக்கா.”

“மெதுவாத்தான் விடறேன். அதுக்குத்தான் அவசரம்!”

கார் இரண்டு துள்ளுத் துள்ளி அணைந்தது. பின்னால் டவுன் பஸ் காது கிழிய அலறியது. மறுபடி கிளப்பினார். மறுபடி துள்ளல், மறுபடி மௌனம்.

“ஏம்ப்பா, என்ன பண்ணி வச்சிருக்க இந்த வண்டியை?” ஆனந்தவல்லி பின்னால் திரும்பினார்.

“பெரிய இன்ஜெக்டர் போட்டிருக்கோம்மா. அக்கா ஞாயித்துக்கிழமை ரேஸ் டிராக்குல ஓட்டப் போறாங்க.”

ஆனந்தவல்லி ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையைத் தட்டினார். “அடி சக்கை! ரேஸா? நீங்களா? இத்தனை நாளா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே! எறங்குங்க, எறங்குங்க, எடம் மாறுவோம். எனக்கு இன்னைக்குப் பாடம் வேணாம். வேடிக்கை பாக்கணும்.”

“அக்கா, பஸ்காரன் திட்டறான்.”

“திட்டட்டும். ரேஸ்காரியோட போறேன்னு சொல்லுங்க அவன்கிட்ட!”

துவாக்குடி தாண்டி, மனை போட்டு விற்காமல் கிடந்த ஒரு லேஅவுட். தார் ரோடுகள், நம்பர் எழுதிய கற்கள், மேயும் ஆடுகள். வீடு ஒன்றுகூடக் கிடையாது. நேற்று ஓட்டிப் பார்த்ததும் அங்கேதான். வசீம் கைபேசியில் நேரம் பிடித்தான். பக்கத்தில் குடையோடு ஆனந்தவல்லி.

ஜெஸிமா ஒரு சுற்று முழுதாகச் சுற்றி வந்து நிறுத்தினாள்.

“எப்படிடா?”

“நேத்தைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான் அக்கா.”

“என்னது? இரு, இன்னொரு தடவை.”

இன்னொரு தடவை வந்தாள்.

“இப்ப கொஞ்சம் கூடவே ஆயிடுச்சு,” என்றான் வசீம், தலையைச் சொறிந்துகொண்டு. “கம்ப்யூட்டரை இன்னும் கொஞ்சம் திருத்தணும்போல.”

ஜெஸிமாவுக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனந்தவல்லிக்கோ சிரிப்பில் குடை ஆடியது.

“ஏன்க்கா சிரிக்கறீங்க? நான் தோக்கறது அவ்வளவு நல்லாவா இருக்கு?”

“டீச்சர்… பின்னாடி சிவப்பு லைட்டு… கல்யாண மண்டபத்து சீரியல் செட்டு மாதிரி…”

“எந்த லைட்டு?”

“உங்க பிரேக் லைட்டுதான்! வளைவு அந்தக் கோடியில இருக்கு, லைட்டு இந்தக் கோடியிலேயே எரியுது. தூரத்துல ஒரு ஆடு சும்மா திரும்பிப் பாத்துச்சு. அதுக்கும் எரிஞ்சுது!”

“நான் எங்க பிரேக் போட்டேன்?”

“உங்களுக்கே தெரியாமப் போடறீங்க. எங்களுக்காகப் போட்டுப் போட்டு, உங்க காலுக்கு வேற வேலையே மறந்துபோச்சு.”

ஜெஸிமா வசீமைப் பார்த்தாள். “நான் போனையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்,” என்றான் அவன்.

ஜெஸிமா குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள், வேறு யாருடைய காலோ போல. பிறகு, “வசீம், இந்தப் பெரிய இன்ஜெக்டரைக் கழட்டு. பழசைத் திரும்ப மாட்டு,” என்றாள்.

“இங்கயேவா? இன்ஜின் கொதிக்குதுக்கா!”

“ஆறட்டும். ரோட்டோரம் கரும்புச்சாறு விக்கறான். குடிச்சிட்டு வருவோம்.”

சாறு குடித்து, இன்ஜின் ஆறி, கருவேல மர நிழலில் வசீம் முனகிக்கொண்டே டிக்கியிலிருந்த பழைய இன்ஜெக்டர்களை மாட்டி, கம்ப்யூட்டரையும் பழையபடி மாற்றி முடித்தான். ஆனந்தவல்லி புடவையைச் செருகிக்கொண்டு இடப்பக்கம் ஏறி பெல்ட் போட்டார்.

“இப்ப நான்தான் டீச்சர். இந்தப் பக்கத்து பிரேக் என் கால்ல இருக்கு. உங்களுக்கு அந்தக் கவலையே வேணாம். மிதிங்க!”

ஜெஸிமா மிதித்தாள். நம்பர் கற்கள் ஓடின.

“அக்கா, வளைவு!” என்று அலறினாள் ஜெஸிமா.

“வரட்டும்.”

“வந்துடுச்சுக்கா!”

“இன்னும் இல்ல.”

“அக்கா, கல்லு!”

“கல்லு ஓடியா போயிடும்? இன்னும் இல்ல… இன்னும் இல்ல… இப்ப!”

டயர் கீச்சிட்டது. கார் வளைந்து நிமிர்ந்தது. யார் கத்தினார்கள், யார் சிரித்தார்கள் என்று பிரிக்க முடியவில்லை. அடுத்த வளைவிலும் அதே கூச்சல். ஆடுகள் பிளாட்டை விட்டுப் பிளாட் தாவின.

வசீம் கைபேசியை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். “அக்கா! நேத்து ஓட்டினதும் தோத்துச்சு, காலையில ஓட்டினதும் தோத்துச்சு! பக்கத்துலகூட வரலை!” மூச்சு வாங்கிக்கொண்டு, “இதோட பெரிய இன்ஜெக்டரையும் போட்டோம்னு வைங்க…”

“போட்டா, திங்கக்கிழமை காவேரிப் பாலத்துல வண்டி நிக்கும். நீதான் வந்து தள்ளுவ. எனக்கு என் வண்டி இப்படியே போதும். அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துடு,” என்றாள் ஜெஸிமா. ஸ்டியரிங்கிலிருந்து கை இன்னும் பிரியவில்லை. “நல்ல வேளைக்கா, பிரேக்குல நீங்க கால் வச்சிருந்தீங்க. அந்த தைரியத்துலதான் ஓட்டினேன்.”

ஆனந்தவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வச்சிருந்தீங்கதானே?”

“மொத வளைவுலயே ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல மடிச்சுக்கிட்டேன் டீச்சர். செருப்பு எங்க போச்சுன்னே தெரியல.”

ஜெஸிமா குனிந்து பார்த்தாள். ஆனந்தவல்லி சம்மணமிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். கீழே பெடல்கள் தனியே கிடந்தன.

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெஸிமா மறுபடி சாவியைத் திருப்பினாள்.

“இன்னொரு சுத்தா? இந்தத் தடவை நெசமாவே பிரேக்குல காலை வைக்கட்டுமா?”

“வேணாம்க்கா,” என்றாள் ஜெஸிமா. “நல்லா மடிச்சே உக்காருங்க.”