ஒரே மேசையில் இரண்டு துப்பாக்கி

கையில் துப்பாக்கியைக் கொடுத்த முதல் நாளே அதன் ஸ்பிரிங்கைப் பயிற்சியாளரின் டீக்குள் பாயவிட்டேன். மனிதர் கோபப்படவில்லை. டம்ளரைக் கவிழ்த்து, ஸ்பிரிங்கை எடுத்துத் துடைத்து, "மெதுவா கழட்டுங்கம்மா, எப்படா விடுவாங்கன்னு அது காத்துக்கிட்டிருக்கு" என்றார். பக்கத்து நாற்காலியில் என் ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, போதாததற்கு ஒரே வேலை. வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகும் வேன் கம்பெனியின் வாசலில் இருவரும் காவல். அவள் ஐந்து வருஷம், நான் எட்டு. வாசல் காவல் என்றால் நிற்பதுதான் வேலை. நின்று நின்று என் கெண்டைக்காலில் நரம்பெல்லாம் பச்சையாகப் புடைத்துவிட்டது. வேனோடு போகும் காவலுக்கு இருக்கை உண்டு. அதில் ஓர் இடம் காலியானது, கேட்டவர்கள் நாங்கள் இருவர். துப்பாக்கியைக் கழற்றி, துடைத்து, பூட்டிக் காட்டுபவருக்குத்தான் வேன். சுடக் கற்பதெல்லாம் அப்புறம்.

அந்த இருக்கை எனக்கு வேண்டும். ஒளிப்பானேன்? அவளைவிட எனக்குத்தான் வேண்டும் என்று நினைத்தேன்.

பயிற்சியாளர் ஆயுத அறைக்குப் பொறுப்பானவர். எங்களுக்குள் அவர் பெயர் 'ஒருசொட்டு'. எண்ணெய்ப் புட்டியை நான் சாய்க்கும்போதெல்லாம், "ஒரு சொட்டு போதும்மா, பொரிக்கவா போறீங்க?" என்பார்.

அவர் சொன்ன முறை இதுதான். குண்டுகள் அடுக்கிய மேகசினை உருவ வேண்டும். மேல்பாகமான ஸ்லைடை இழுத்துப் பிடித்து, குண்டு உட்காரும் இடம் காலியா என்று கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு சுண்டுவிரலை விட்டும் பார்க்க வேண்டும். "காலின்னு நான் சொன்னாலும் நம்பாதீங்க. கட்டினவரு சொன்னாலும் நம்பாதீங்க." கட்டினவர் சொல்வதை நம்பாமலிருக்க எங்கள் இருவருக்கும் தனிப்பயிற்சி தேவைப்படவில்லை. அதற்கப்புறம் பக்கத்திலிருக்கும் சின்னப் பிடியைத் திருப்பினால் ஸ்லைடு முன்பக்கமாகக் கழன்று வரும். அதன் வயிற்றுக்குள் ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குக் கீழே குண்டு பாயும் குழலான பேரல். பேரலுக்குள் முதலில் பிரஷ், பிறகு துணி. துணி வெள்ளையாக வெளியே வரும்வரை விடக்கூடாது. அந்தப் புகழ்பெற்ற ஒரு சொட்டு. பிறகு வந்த வழியே திரும்பப் பூட்ட வேண்டும்.

துப்பாக்கியை வீட்டுக்குத் தரமாட்டார்கள். சமையல் மேடையில் வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு, டார்ச் லைட்டைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினோம். அதிலும் ஒரு ஸ்பிரிங் இருக்கிறதே! என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இருட்டுல டார்ச்சத் தேடுறவங்களப் பாத்திருக்கேன். டார்ச்சையே இருட்டுல பிரிக்கிறவங்கள இப்பத்தான் பாக்குறேன்" என்றார். கண்கட்டை அவிழ்க்காமலே இருவரும் அவரை விரட்டினோம்.

தேர்வன்று நீளமாக ஒரு மேசை, இரண்டு துப்பாக்கி, ஏழு நிமிடம். இருவரும் ஐந்தரை நிமிடத்தில் முடித்துக் கையைத் தூக்கினோம். ஒருசொட்டு என்னுடையதைக் கையிலெடுத்தார், பிறகு அவளுடையதை. மறுபடி என்னுடையதை எடுத்தார். முகம் மாறியது.

"அடிப்பாகத்துல ஒரு நம்பர், ஸ்லைடுல வேற நம்பர். ரெண்டுலயும் அப்படித்தான் இருக்கு. ஸ்லைடு மாறிப்போச்சு."

பழக்கதோஷம்! நான் வலக்கைக்காரி, அவளுக்குப் பீச்சாங்கை. சமையலறையில் அவள் எனக்கு வலப்பக்கம் நிற்பாள். கத்தியோ கரண்டியோ, எதுவானாலும் இருவருக்கும் நடுவில் விழும். யார் கைக்கு எது வருகிறதோ அது அவளுடையது. இந்த மேசையிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறோம், அப்படியே நடுவில் பரப்பியிருக்கிறோம்.

"ஒருத்தர் மாத்தி எடுத்திருக்கீங்க. இன்னொருத்தர் மிச்சமிருந்தத எடுத்திருக்கீங்க. மாத்தி எடுத்தவங்களுக்கு வேன் கிடையாது" என்றார் ஒருசொட்டு. "யாரு மொதல்ல கை நீட்டினது?"

நான்தான். எனக்கு நன்றாகத் தெரியும். முந்திரிக்கொட்டை மாதிரி முதலில் துடைத்து முடித்து, கிட்டக் கிடந்த ஸ்லைடை எடுத்தேன். அப்போது அவள் குனிந்து பேரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சார்" என்றாள் அவள்.

திரும்பிப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மனசுக்குள் வேனில் ஏறி, உட்கார்ந்து, காலையும் நீட்டிவிட்டேன். ஒருசொட்டு பேனா மூடியைக் கழற்றினார்.

"பொய் சார்" என்றது என் வாய். "எடுத்தது நான். இவ குனிஞ்சிருந்தா, இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "இத்தன வருஷமா 'நான் இல்ல சார்'னுதான் கேட்டிருக்கேன்" என்று முனகிவிட்டு, வேனுக்கு அவள் பெயரை எழுதினார். பொய் சொன்னதற்கு ஒரு வாரம் ஆயுத அறைத் துப்பாக்கிகள் அத்தனையையும் அவளே துடைக்க வேண்டும் என்றும் எழுதினார்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். கால் வலித்தது. கண்ணில் தூசி என்றெல்லாம் சொல்லப்போவதில்லை, அழுதேன். அவள் முந்தானை நுனியைக் கொடுத்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

"எதுக்குடி பொய் சொன்ன?"

"பின்ன, உங்கள நான் காட்டிக் குடுக்க முடியுமா? நான் பழிய ஏத்துக்கிட்டா நீங்களே சொல்லிருவீங்கன்னு தெரியும்க்கா."

கள்ளி! நடுத்தெருவில் நின்றுவிட்டேன். "நான் பேசாம இருந்திருந்தா?"

"அஞ்சு வருஷமா உங்ககூட ஒரே அடுப்புல வேகுறேன். பால் பொங்கி வழிஞ்சாலும் சரி, பாத்திரம் உடைஞ்சாலும் சரி, மூணு மூச்சு விடுவீங்க, அப்புறம் 'நான்தான்'னு சொல்லிருவீங்க." ஈரமான முந்தானை நுனியை உதறிக்கொண்டாள். "இன்னிக்கி நாலு விட்டீங்கக்கா. பயந்தே போயிட்டேன்."

நான் எண்ணவில்லை. நாலுதான் இருந்திருக்கும்.