குதிரை ட்ரெய்லரில் ஏறிய ரேஸ் கார்

எங்கள் குடும்பத்திலேயே வேகமான வண்டிக்குத் தெருமுனை வரைகூடப் போக வக்கில்லை. தங்கச்சியின் ரேஸ் காரைத்தான் சொல்கிறேன். குட்டியூண்டு கார். உள்ளே டிரைவர் சீட்டைத் தவிர எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு இரும்புக் குழாயால் கூண்டு கட்டி வைத்திருக்கிறாள். நம்பர் பிளேட் கிடையாது, லைட் கிடையாது, ஹாரன் கிடையாது. பந்தயத் தடத்தில் பறக்கும். ரோட்டில் உருண்டால் போலீஸ் பிடிக்கும். ஆகவே அதை இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அப்படி ஏற்றிப்போகிற லாரிக்காரர்கள் கேட்கிற வாடகையில் காருக்கு நாலு டயரும் புதுசாக மாற்றிவிடலாம்.

பந்தயம் இல்லாத நாளெல்லாம் அந்த மகாராணி குடியிருப்பது என் சோபா பட்டறையில். நான் சோபாவுக்கு ஃபோம் வைத்து உறை தைக்கிறவன். பட்டறையில் பாதி இடத்தைக் கார் அடைத்துக்கொண்டதால் முக்கால்வாசி ஃபோம் கட்டுகளைப் பரணில் திணித்திருந்தேன். ஏணியில் ஏறி இறங்கி என் முட்டிதான் தேய்ந்தது. "எப்பம்மா இதை விக்கப் போற?" என்று நான் கேட்காத வாரம் இல்லை. விளையாட்டாகத்தான் கேட்பேன். பாதி விளையாட்டாக.

தங்கச்சி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நாள் முழுக்க ஊராரைப் பார்த்து "ஆடாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்தான், லீவு நாளில் தானாவது பறக்கலாம் என்று இதில் இறங்கினாளோ என்னவோ. காருக்குள் உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் அவள் முகமே வேறு. அதை நான் பார்த்திருக்கிறேன், இல்லையென்று சொல்ல முடியாது.

அவளுடைய பந்தய லைசன்ஸுக்கு ஒரு சட்டம் உண்டு. வருஷத்துக்கு ஒரு பந்தயமாவது ஓடி முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் லைசன்ஸ் போச்சு. மறுபடி பயிற்சிப் பள்ளியில் முதலிலிருந்து சேர வேண்டும். அதற்கு லீவும் கிடைக்காது, காசும் கிடையாது. இந்த வருஷம் இரண்டு பந்தயம் தவறிவிட்டது. இரண்டு தடவையும் கார் நன்றாகத்தான் இருந்தது. தடத்துக்குப் போய்ச்சேரவில்லை, அவ்வளவுதான். அதற்குக் காரணம் மாப்பிள்ளை.

தங்கச்சி புருஷனுக்கு மருந்துக் கடையில் வேலை. "செலவில்லாம ஒரு வழி இருக்கு மச்சான்" என்று அவர் ஆரம்பித்தால் நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன். முதல் தடவை காய்கறி லாரி பிடித்தார். லாரித் தளம் என் நெஞ்சு உயரம். இரண்டு பலகையைச் சாய்த்துக் காரை ஏற்றினால், பாதி வழியில் அதன் வயிறு தளத்தின் விளிம்பில் தட்டி உட்கார்ந்துகொண்டது. முன்சக்கரமும் அந்தரத்தில், பின்சக்கரமும் அந்தரத்தில். இறக்குவதற்குள் பந்தயமே முடிந்துவிட்டது. அடுத்த தடவை கயிறு கட்டி இழுத்தார். இரண்டாவது திருப்பத்திலேயே போலீஸ்காரர் கையைக் காட்டி, வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டார்.

மிஞ்சியது வருஷத்தின் கடைசிப் பந்தயம். தங்கச்சி சத்தம் போடவில்லை. "இந்தத் தடவையும் போகலைன்னா காரை வித்துடறேன்ணா. உன் இடம் உனக்கு" என்றாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாப்பிள்ளை மூன்றாவது வழியோடு வந்தார். குதிரைச் சவாரி சொல்லித்தருகிற ஒருவரிடம் இரண்டு குதிரை நிற்கிற மூடிய ட்ரெய்லர் இருந்தது. என் டெலிவரி வேனின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கலாம். வாடகை வேண்டாமாம். உள்ளே சுவர் மெத்தை கிழிந்து தொங்குகிறது, அதைப் புதுசாகப் போட்டுக் கொடுத்தால் போதுமாம்.

"அதாவது செலவு எனக்கு" என்றேன்.

"உங்க கைத்திறமைக்கு ஒரு வாய்ப்பு மச்சான்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

நானே போய் டேப் பிடித்து அளந்தேன். நடுத் தடுப்பைக் கழற்றிவிட்டால் கார் போகும். பக்கத்துக்கு ஒரு சாண் மிஞ்சும். தங்கச்சி வயிற்றை எக்கிக்கொண்டு கதவு வழியாக இறங்கிவிடுவாள். அப்புறம் மெத்தை தைக்க உட்கார்ந்தேன். என்னிடம் ஒரு கெட்ட பழக்கம், ஃபோம் விஷயத்தில் கஞ்சத்தனம் வராது. திருப்பத்தில் குதிரை சுவரில் சாய்ந்தால் வலிக்கக் கூடாதே என்று இரண்டு அடுக்கு வைத்தேன். நல்ல கெட்டி ரெக்ஸின் போட்டு, நடுநடுவே பித்தான் வைத்து இழுத்து, பளபளவென்று புடைத்து நிற்கும்படி முடித்தேன். குதிரைக்காரர் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல நானே படுத்துக்கலாம் போலிருக்கே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பந்தயத்தன்று விடிந்ததும் தங்கச்சி காரைச் சரிவுப் பலகை வழியாக உள்ளே ஓட்டினாள். நுழைந்தது. ஆனால் இரண்டு பக்கமும் மெத்தை காரைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. கதவைத் தள்ளினாள். ஒரு விரல்கூடத் திறக்கவில்லை. நான் அளந்தது மெத்தை தைப்பதற்கு முன்னால். கார் ஏறியது மெத்தை தைத்த பின்னால். எத்தனை சோபாவுக்கு அளவெடுத்தவன் நான். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

நல்லவேளை, காரின் பின் கண்ணாடி இருக்கிற இடத்தில் கழற்றி மாட்டுகிற பிளாஸ்டிக் தகடுதான் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று தனக்கே சொல்லிக்கொண்டு கூண்டுக் கம்பிகளுக்கு நடுவே ஊர்ந்து வெளியே வந்தாள். மூன்று பேரும் சிரித்தோம். காரைப் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டுக் கிளம்பினோம். வழி நெடுக வெயில் கொளுத்தியது. மூடிய பெட்டிக்குள் ரெக்ஸின் என்ன ஆகும் என்று என் தொழிலில் இருக்கிறவன் யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

தடத்தில் மற்றவர்கள் திறந்த ட்ரெய்லரிலிருந்து காரைச் சறுக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எங்கள் பெட்டியைப் பார்த்து, "உள்ளே குதிரையா?" என்றார்.

"ஆமாங்க, அம்பது குதிரை" என்று தங்கச்சி இன்ஜினின் குதிரைத்திறனைச் சொல்லிவிட்டு, கட்டியிருந்த பெல்ட்டை அவிழ்த்துப்போட்டு, பின்வழியாக மறுபடி ஊர்ந்து உள்ளே போனாள்.

இன்ஜின் உறுமியது. ரிவர்ஸ் போட்டாள். ட்ரெய்லர் குலுங்கியது, வேன் குலுங்கியது, கார் அசையவில்லை. சூட்டில் ரெக்ஸின் பிசுபிசுத்துக் காரின் பெயின்ட்டில் அப்பிக்கொண்டிருந்தது. புடைத்த ஃபோம் பின்சக்கர வளைவுக்குப் பின்னால் எழும்பி, முட்டுக் கொடுத்து நின்றது. மாப்பிள்ளை பின்பக்கம் பிடித்து இழுத்தார். நானும் இழுத்தேன். பந்தயத்துக்கு முன்னால் காரைப் பரிசோதிக்கிற அதிகாரி ஒலிபெருக்கியில், இன்னும் சிறிது நேரத்தில் பரிசோதனை முடியும், வராத கார்கள் ஓட முடியாது என்று சொன்னார்.

தங்கச்சி இன்ஜினை நிறுத்தினாள். கூண்டுக் கம்பி வழியாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, இதை வேணும்னு பண்ணியா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் எக்ஸ்ரே ரிப்போர்ட்டை நீட்டுகிற குரலில் கேட்டாள். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. ஆனால் ஒவ்வொரு வாரமும் "எப்ப விக்கப் போற" என்று கேட்டவன் நான்தானே? அவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

வேனுக்கு ஓடி ஃபோம் அறுக்கிற நீளக் கத்தியை எடுத்துவந்தேன். ட்ரெய்லரின் முன்பக்கம், குதிரையைப் பார்த்துக்கொள்கிறவர் நுழையச் சின்னக் கதவு ஒன்று உண்டு. அது வழியாகப் புகுந்து, காரின் கூரைமேல் குப்புறப் படுத்து, நான் பித்தான் வைத்துப் பித்தான் வைத்துத் தைத்த மெத்தையை மேலிருந்து கீழாகக் கிழித்தேன்.

"மச்சான், குதிரைக்காரர் என்னைத் தொலைச்சுடுவார்" என்று மாப்பிள்ளை வெளியிலிருந்து முனகினார்.

"ஓரமா நில்லுங்க மாப்ளை. ஃபோம் விழும்."

ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கமும் கிழித்து, கட்டி கட்டியாகப் பிடுங்கிப் பின்னால் எறிந்தேன். கார்கள், ஆட்கள், அதிகாரியின் மேசை, எல்லாவற்றின் மேலும் மஞ்சள் தூள் பறந்தது. நான் கூரையிலிருந்து இறங்கியதும் தங்கச்சி மறுபடி இன்ஜினைக் கிளப்பினாள். கார் ஒரு முனகல் முனகிவிட்டு வெளியே வந்தது. கதவில் இன்னும் இரண்டு பித்தான் ஒட்டிக்கொண்டிருந்தன. அதோடு அப்படியே பரிசோதனைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அவள்தான் கடைசி ஆள்.

பந்தயத்திலும் கிட்டத்தட்ட அதே கதைதான். கடைசிக்கு முந்தின இடம். அவளுக்குப் பின்னால் வந்த காருக்கு ஏதோ கோளாறாம். எனக்கென்ன? அவள் முடிவுக் கோட்டைத் தாண்டியபோது எனக்குத் தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தினேன். லைசன்ஸ் புத்தகத்தில் அதிகாரி 'முடித்தார்' என்று எழுதி முத்திரை குத்தினார். தங்கச்சி அந்தப் பக்கத்தை ஊதி ஊதி உலர்த்தினாள்.

திரும்பும்போது கார் தாராளமாக ஏறியது. வேனில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவள் உட்கார்ந்தாள்.

"குதிரைக்காரர்கிட்ட என்ன சொல்றது?" என்றார் மாப்பிள்ளை.

"மறுபடி தைச்சுத் தர்றேன்னு சொல்லுங்க. ஒரு அடுக்குதான்."

தங்கச்சி சிரித்தாள். கொஞ்ச தூரம் போனதும், "காலையில கேட்டதை மறந்துடுண்ணா" என்றாள்.

"மறக்க மாட்டேன். கேட்க வேண்டிய கேள்விதான்" என்றேன்.

பட்டறைக்கு வந்து காரை இறக்கியதும் அவளைக் காரோடு வாசலிலேயே நிற்கச் சொன்னேன். தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளினேன். மேசையை இழுத்தேன். கீழே மிச்சமிருந்த ஃபோம் கட்டுகளையும் ஏணி ஏறிப் பரணில் போட்டேன். முட்டி வலித்தது, வலிக்கட்டும். அப்புறம் அவளைக் காரை உள்ளே விடச் சொல்லிவிட்டு டேப்பை எடுத்தேன்.

"கார்தான் நின்னுடுச்சே, இப்ப எதுக்கு அளக்கறே?" என்றாள்.

"சும்மா இரு. எனக்கு வேலை தெரியும்" என்றேன்.

காரின் இரண்டு கதவையும் முழுசாகத் திறந்து வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் டேப்பை விரித்தேன்.